எலி கடித்த நாள்

இந்தக் கதையைச் சொல்கிறவனுக்கே இதன்மேல் பதினோரு வருடமாகச் சந்தேகம் உண்டு.

கதையில் பொய் இருப்பதாகச் சொல்ல முடியாது. அவனுக்கு இதைச் சொன்ன நாச்சிமுத்துவுக்குப் பொய் வராது. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால்கூட அவர் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் நடுவில் ஓர் இடத்தில் கால் இடறுகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். பாதையில் கல் கிடக்கிறதா, நடப்பவனுக்குத்தான் நடக்கத் தெரியவில்லையா என்று பலநாள் யோசித்தாகிவிட்டது.

கேட்டபடியே சொல்லிவிடுவது நல்லது.

*

“என்ற வளையத்துல என்ன குறைங்க அம்மணி?”

இதைக் கேட்டபோது நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பதில் சொல்லவேண்டிய கோகிலவாணிக்கு முப்பத்தொன்று.

அவள் அவருடைய ஆசிரியை.

நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடந்தது. ஆலை இயந்திரங்களைக் கேபிளால் இணைத்து ஒன்றோடொன்று பேசவைக்கும் வேலையை அங்கே அவள் சொல்லிக்கொடுத்தாள். படித்தவர்கள் எல்லோரும் கல்லூரி முடித்த பையன்களும் பெண்களும். கடைசி பெஞ்சில் நாச்சிமுத்து.

“பெரிப்பா, உங்களுக்கு எந்தக் கம்பெனில இண்டர்வியூ?” என்று அவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவிட்டு நோட்டைத் திறப்பார்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு கேட்டார்.

கேட்டதோடு நிற்கவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னார்.

*

அவர் ஒரு குஞ்சு பொரிப்பகத்தின் மேலாளர். மோகனூர் சாலையில் பச்சைத் தகரக் கூரை போட்ட கூடம். உள்ளே இருபத்து நான்கு பெட்டிகள். பெட்டி என்றால் ஆள் உள்ளே நடக்கலாம், அவ்வளவு பெரிசு. ஒவ்வொன்றிலும் இருபதாயிரம் முட்டை, பதினெட்டு நாள் இருக்கும். கோழி செய்வதை அங்கே மின்விசிறியும் சூடும் ஈரமும் செய்யும். பதினெட்டாம் நாள் முட்டைகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, காலியான பெட்டியைக் கழுவுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் கழுவும் நாள்.

ஒவ்வொரு பெட்டியும் தன் சூட்டைக் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லும்.

எப்படிச் சொல்லவேண்டும் என்று தீர்மானித்தவர் நாச்சிமுத்துதான். இருபத்து நான்கு பெட்டிக்கும் தனித்தனியாகக் கேபிள் இழுத்தால் எத்தனையோ சுருள் ஆகும். அவர் கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒன்றாம் பெட்டிக்கு ஒரு கேபிள் போட்டார். ஒன்றிலிருந்து இரண்டுக்கு. இரண்டிலிருந்து மூன்றுக்கு. இப்படியே போய், இருபத்து நான்கிலிருந்து திரும்பக் கண்ட்ரோல் ரூமுக்கு. ஒரு வளையம்.

தன் கையாலேயே போட்டார். ஒவ்வொரு கேபிளின் முனையிலும் சீட்டு ஒட்டி, எங்கிருந்து எங்கே என்று எழுதினார். ஓரிடத்தில் அறுந்தாலும் சேதி மறுபக்கமாகச் சுற்றி வந்து சேர்ந்துவிடும். முதலாளிக்கு அதைச் செய்தே காட்டினார். முதலாளி மகிழ்ந்துபோய் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்.

நான்கு வருடம் ஒரு குறையும் இல்லை.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பத்தாம் பெட்டி போய்விட்டது.

விசிறியின் பெல்ட் அறுந்திருந்தது. பதினாறாம் நாள் முட்டைகள். அந்த வயதில் முட்டைகளே சூட்டைக் கிளப்பும். விசிறி நின்றால் உள்ளே வெந்துவிடும். கண்ட்ரோல் ரூமில் மணி அடித்திருக்கவேண்டும். அடிக்கவில்லை. திரையில் தொண்ணூற்று ஒன்பதரை டிகிரி பாரன்ஹீட் என்றே காட்டிக்கொண்டிருந்தது. சேதி வராவிட்டால் அந்தத் திரை கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

மாலையில் கதவைத் திறந்தவர் அவர்தான். அனல் முகத்தில் அடித்தது. முட்டைகள் வரிசை கலையாமல் இருந்தன. வெளியே பார்க்க எந்த மாற்றமும் இல்லை. விளக்கில் வைத்துப் பார்த்தபோதுதான் உள்ளே ஒன்றுகூட அசையவில்லை என்று தெரிந்தது.

அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. அந்த வெள்ளிக்கிழமை கழுவுவதற்காக ஏழாம் பெட்டியை அணைத்திருந்தார்கள். தண்ணீர் அடிப்பதால் கரண்டை முழுக்க எடுத்துவிடுவார்கள். அணைத்த பெட்டி வழியாகச் சேதி போகாது. அதனால் பரவாயில்லை, மறுபக்கமாகச் சுற்றி வரும். ஆனால் மறுபக்கத்தில், பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, எலி கேபிளைக் கடித்து வைத்திருந்தது.

இந்தப் பக்கமும் வழியில்லை. அந்தப் பக்கமும் வழியில்லை. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, நான்கும் ஊமையாகிவிட்டன.

கேபிளை மாற்றினார். எலிப்பொறி வைத்தார். முதலாளி திட்டவில்லை. “எலி பண்ணுனதுக்கு நீ என்னய்யா பண்ணுவ” என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். பக்கத்தில் கட்டும் புதுக் கூடத்தின் இருபத்து நான்கு பெட்டிகளையும் இதே வளையத்தில் கோத்துவிடலாம். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை கேபிள் ஆட்கள் வருகிறார்கள். அன்றைக்கு நாச்சிமுத்து சரி என்றால் போதும்.

அந்தச் சரியைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் காரணம் தெரியவில்லை. இன்னொரு பெட்டியை அப்படித் திறந்து பார்க்கத் தன்னால் முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அதனால்தான் வந்து கேட்டார்.

*

கோகிலவாணி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எலி என்னைக்குக் கடிச்சதுங்ணா?”

“வெள்ளிக்கிழமைங்க.”

“பார்த்தீங்ளா?”

“இல்லீங்.”

அவள் துணியை உதறி மடித்தாள். விளக்கை அணைத்தாள்.

“தெரிஞ்சுட்டு வாங்க” என்றாள்.

*

நாச்சிமுத்து அந்த வாரம் முழுக்க எலியின் பின்னால் திரிந்தார்.

கடிபட்ட கேபிளைக் காகிதத்தில் சுற்றிப் பையிலேயே வைத்துக்கொண்டார். மருந்தடிக்கும் ஆளிடம் காட்டினார். அவன் பல் பதிந்த இடத்தைப் பார்த்து, பெரிய எலி என்றான். அது அவருக்கே தெரியும். தீவனக் கிடங்குக்காரரிடம் காட்டினார். அவர், எலி பசிக்குக் கடிப்பதில்லை, பல்லைத் தேய்க்கத்தான் கடிக்கிறது என்று அரைமணி நேரம் பேசினார்.

கழுவும் வேலைக்குத் தலைவி பாவாயி. அவளிடமும் கேட்டார், எலி எப்போது கடித்திருக்கும் என்று.

“அது வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டா கடிக்கும்?” என்றாள் பாவாயி. “நாங்களே போடறதில்ல.”

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அது அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த ஞாயிறு சொன்னார்.

“ஒரு வாரம் முந்தி இருக்கும்ங்க. ரெண்டு மாசம்கூட இருக்கும். செம்பு கறுத்துக் கெடக்குது.”

“ரெண்டு மாசத்துல எத்தனை தடவை கழுவியிருப்பீங்க?”

அவர் விரல் விட்டு எண்ணினார். பதினாறு.

“அந்தப் பதினாறு நாளும் ஏதோ சில பெட்டிங்க ஊமையாத்தான் இருந்துச்சுங்ளா?”

அந்தப் பதினாறு நாளும் அவர் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத் தேநீர் குடித்திருக்கிறார்.

“அதுக்குத்தானுங்க எலியை ஒழிக்கோணும்கறேன்” என்றார்.

கோகிலவாணி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை நேரில் வருவதாகச் சொன்னாள்.

*

செவ்வாய் மாலை, கழுவும் வேலை முடிந்த பிறகு வந்தாள். வாசலில் கால் கழுவி, அங்கே வைத்திருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு தோள்பையோடு உள்ளே நுழைந்தாள்.

நாச்சிமுத்து அவளைக் கூடம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். தன் வளையத்தை ஒருவர் இவ்வளவு பொறுமையாகப் பார்ப்பது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்றாம் பெட்டியில் தொடங்கி இருபத்து நான்காம் பெட்டிவரை ஒரு கேபிளையும் விடாமல் காட்டினார். ஒவ்வொன்றையும் எந்த மாதம் போட்டது என்றும் சொன்னார்.

பத்தாம் பெட்டியை மட்டும் வேகமாகத் தாண்டினார். அவள் கவனித்தாள்.

பன்னிரண்டாம் பெட்டியருகே அவள் நின்றாள்.

“இது ஒரு சேதி சொன்னா, எத்தனை வீட்டு வாசலைத் தாண்டிப் போவுது?”

“பதினொண்ணுங்க.”

“நடுவுல ஒரு வீட்டுல கதவைச் சாத்திட்டா?”

“மறுபக்கமாப் போயிடுமுங்க. அதானுங்க இதுல இருக்கற அழகு.”

“ரெண்டு வீட்டுல சாத்திட்டா?”

அவர் புதிதாக மாற்றிய கேபிளைத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னும் இருபத்து நாலு வீடு கட்டப் போறீங்க, இல்லீங்ளா?” என்றாள்.

“ஆமாங்.”

“அத்தனை வீட்டுலயும் வாரம் ரெண்டு நாள் யாராச்சும் கதவைச் சாத்துவாங்க.”

“கழுவாம இருக்க முடியாதுங்களே அம்மணி.”

“முடியாதுங்.”

அவள் மேற்கொண்டு நடந்தாள். அவருக்குச் சற்றுக் கோபம் வந்தது. குறையை மட்டும் எடுத்து வைக்கிறாள், வழியைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். ஆனாலும் வந்தவளை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது. தேநீர் வாங்கி வரத் தானே கிளம்பினார். கடை சாலைக்கு அந்தப் பக்கம். போய் வரப் பத்து நிமிடம் ஆனது.

திரும்பியபோது அவள் வாசலில் நின்று செருப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். தேநீரை நின்றபடியே குடித்தாள். சர்க்கரை நன்றாக இருக்கிறது என்றாள்.

“சனிக்கிழமை வரேனுங்ணா. அதுக்குள்ள அந்த நாளைச் சொல்லிப்போடுங்க.”

“எந்த நாளுங்க?”

“எலி கடிச்ச நாளை.”

*

அவர் மறுபடியும் திரிந்தார்.

புதன்கிழமை பழைய கேபிள் துண்டு ஒன்றைத் தானே வெட்டி, வாசலில் ஈரத்தில் போட்டு வைத்தார், எத்தனை நாளில் கறுக்கிறது என்று பார்க்க. வியாழக்கிழமை அதைக் காணவில்லை. பாவாயி கூட்டித் தள்ளியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினைந்தாம் பெட்டியைக் கழுவினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை காலை அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். குளித்து, சலவை வேட்டி கட்டி, கண்ட்ரோல் ரூமில் தயாராக உட்கார்ந்திருந்தார். கேபிள் ஆட்கள் பதினோரு மணிக்கு வருகிறார்கள். அவள் பத்து மணிக்கு வந்தாள்.

“கண்டுபிடிச்சுட்டனுங்க” என்றார். “சித்திரை கடைசியில. தீவனக் கிடங்கைக் காலி பண்ணுனது அப்பத்தான். அங்கிருந்துதான் எலி இங்க வந்திருக்கோணும். தேதிகூடச் சொல்லலாமுங்க.”

சொல்லிவிட்டு, பரீட்சை எழுதி முடித்தவர் போலக் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

கோகிலவாணி தோள்பையைத் திறந்தாள். ஒரு கேபிளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

மூன்று முழ நீளம். அழகாகச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தது.

“இதை நான் என்னைக்கு எடுத்தேனுங்ணா?”

அவர் அதைப் பார்த்தார். முனையில் சீட்டு ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்து. 18–19.

*

அவர் ஓடினார்.

பதினெட்டாம் பெட்டியின் பின்னால் கேபிள் இருக்கவேண்டிய துளை காலியாக இருந்தது. பத்தொன்பதிலும் அப்படியே. முந்தின நாள் பதினைந்தைக் கழுவியிருக்கிறார்கள். அப்படியானால் பதினாறு, பதினேழு, பதினெட்டு மூன்றும் நேற்று கழுவிய நேரம் முழுக்க ஊமை. மூன்று பெட்டி. அறுபதாயிரம்.

பதினாறின் கதவைத் திறந்தார்.

இதமான சூடு. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே தொங்கிய கண்ணாடி வெப்பமானியில் தொண்ணூற்று ஒன்பதரை. ஒரு முட்டையை எடுத்து விளக்கில் வைத்தார். உள்ளே நிழல் புரண்டது.

பதினேழும் அப்படியே. பதினெட்டும் அப்படியே.

பதினெட்டாம் பெட்டிக்குள்ளேயே சற்று நேரம் நின்றார். அங்கே ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பினார்.

இருபது வருடமாக அவர் யாரிடமும் குரல் உயர்த்தியது கிடையாது. அன்று உயர்த்தினார். அறுபதாயிரம் உயிர் என்றார். பாடம் சொல்ல வேறு வழியே கிடைக்கவில்லையா என்றார். தன்னைப் பெற்றவள் செய்திருந்தாலும் மன்னிக்க மாட்டேன் என்றார். படிக்க வந்த இடத்தில் இப்படி ஒரு கல்நெஞ்சைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை என்றார். குழாயடியில் நின்ற பாவாயியும் மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கமாகப் பார்த்தார்கள்.

கோகிலவாணி எல்லாவற்றையும் கேட்டாள். அவர் மூச்சு வாங்க நின்றபோது சொன்னாள்.

“அறுந்திருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்ணா.”

அவர் அவளையே பார்த்தார்.

“எலி கடிச்சப்ப யாருக்குத் தெரியும்?”

*

நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

எதிரே சுவரில், டிபன் பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி மாட்டியிருந்தது. வளையத்தைக் காவல் காக்கும் பெட்டி. எங்காவது அறுந்தால் சேதியை மறுபக்கம் திருப்பிவிடுவது அதுதான். தினமும் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் அவர் திரையைப் பார்க்கிறார்.

அதன் அடியில் ஒரு ஒயர் தொங்கியது. முனையில் பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.

அவர் எழுந்து பக்கத்தில் போனார்.

நான்கு வருடத்துக்கு முன்னால், வளையம் போட்ட முதல் மாதம். அந்தப் பெட்டியில் ஒரு பஸ்ஸர் இருந்தது. வளையம் எங்கே திறந்தாலும் அது கத்தும். கழுவுவதற்குப் பெட்டியை அணைத்தாலும் அதற்கு அறுந்த கணக்குத்தான். செவ்வாய் நான்கு மணி நேரம் கத்தியது. வெள்ளி நான்கு மணி நேரம் கத்தியது. காரணம்தான் தெரியுமே, எதற்கு இந்தக் கூச்சல் என்று மூன்றாவது வாரம் அவர் ஒயரைக் கழற்றினார். முனையில் டேப் சுற்றினார். பச்சை டேப் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

அன்று கூடம் அமைதியானது. அந்த அமைதி அவருக்குப் பிடித்திருந்தது.

நகத்தால் டேப்பின் முனையைக் கிளப்பினார். பசை காய்ந்து இறுகியிருந்தது. மெல்லப் பிரித்தார். ஒயரை அதன் இடத்தில் சொருகித் திருகை முறுக்கினார்.

பஸ்ஸர் அலறியது.

ஜன்னலில் நின்ற பாவாயி காதைப் பொத்திக்கொண்டாள். கோகிலவாணி அசையவில்லை. நாச்சிமுத்துவும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நிறுத்த அவசரப்படவில்லை. நான்கு வருடமாக அது சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லி முடிக்கட்டும் என்பது போல நின்றார்.

பிறகு மேசையிலிருந்த கேபிளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனார். பதினெட்டில் ஒரு முனை. பத்தொன்பதில் ஒரு முனை.

கண்ட்ரோல் ரூமில் சத்தம் நின்றது.

*

பதினோரு மணிக்குக் கேபிள் ஆட்கள் வந்தார்கள். புதுக் கூடம் வளையத்தில் வேண்டாம் என்று அவர் சொன்னார். பெட்டிக்கு ஒன்றாக, இருபத்து நான்கு கேபிளும் தனித்தனியாக நேரே கண்ட்ரோல் ரூமுக்கு வரவேண்டும் என்றார். ஒரு வீட்டுச் சேதி இன்னொரு வீட்டு வழியாகப் போகவேண்டாம்.

முதலாளி போனில் நீண்ட நேரம் பேசினார். நன்றாக ஓடுகிற ஒன்றை ஏன் விடுகிறாய் என்றார். கைக்கடிகாரத்தைக்கூட நினைவுபடுத்தினார். நாச்சிமுத்து ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பத்தாம் பெட்டி எலியால் போகவில்லை, தன்னால் போனது. டேப் சுற்றியது தான்தான். பிறகு முதலாளி, சரி, உன் இஷ்டம் என்றார்.

பழைய வளையம் இருந்தபடியே இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸர் கத்தியது. அது கத்தும் நான்கு மணி நேரமும் நாச்சிமுத்து கண்ட்ரோல் ரூமில் உட்காருவதில்லை. கூடத்தில் பெட்டி பெட்டியாகக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு நடப்பார். கழுவி முடித்துக் கரண்ட் கொடுத்ததும் சத்தம் நிற்கும். நிற்கவில்லை என்றால் எங்கோ எலி கடித்திருக்கிறது என்று அர்த்தம். பாவாயிக்கு அந்தச் சத்தம் ஆகாது. உங்கள் எலிக்குக் கல்யாணமா, நாதஸ்வரம் வைத்திருக்கிறீர்கள் என்பாள். அவர் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குத் தொடர்ந்து போனார். கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்தார். அந்தச் சனிக்கிழமை பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. வகுப்பு முடிந்து சான்றிதழ் கொடுத்த அன்று, தன்னைவிட இருபத்திரண்டு வயது சிறியவளின் முன்னால் குனிந்து இரு கையாலும் வாங்கிக்கொண்டார். பையன்கள் கைதட்டினார்கள்.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அவர் கூடத்தில் ஒரு பெட்டிகூடப் போகவில்லை.

*

இதுதான் கதை.

நாச்சிமுத்து இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் முகம் மலர்ந்துவிடும். தன் குற்றத்தை இவ்வளவு நிறைவோடு சொல்லும் வேறொருவரை இந்தக் கதையைச் சொல்கிறவன் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமையை அவர் தேநீரின் சர்க்கரைவரை சொல்வார். சனிக்கிழமையை மூச்சு விடாமல் சொல்வார். அந்த இரண்டுக்கும் நடுவில், மூன்று பெட்டிகள் ஊமையாகக் கிடந்த அந்த ஒரு நாளை ஒரே வரியில் தாண்டிவிடுவார். பதினைந்தைக் கழுவினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

தெரியும் என்றால் போதுமா? அறுபதாயிரம் முட்டையைக் காக்க, அவளுக்குத் தெரிந்திருப்பது மட்டும் போதுமா? ஏதோ ஒரு விசிறியின் பெல்ட் அன்று அறுந்திருந்தால், தெரிந்தவள் எங்கோ நாமக்கல்லில் இருந்து என்ன செய்திருக்க முடியும்? அவள் நல்ல ஆசிரியைதானா? அவள் இடத்தில் நாம் இருந்திருந்தால் கேபிளை எடுத்திருப்போமா, எடுத்துவிட்டு வீட்டில் தூங்கியிருப்போமா என்று சொல்கிறவன் தன்னையே பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவரைக் கேட்கத்தான் வாய் வரவில்லை. நல்ல கதையை ஏன் கெடுக்கவேண்டும் என்று இருந்தது.

போன பங்குனியில் ஒரு பிற்பகல், மோகனூர் காவிரிப் படித்துறையில் இருவரும் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கதையை மறுபடி சொல்லி முடித்து, வழக்கம்போலச் சிரித்து, துண்டால் காலைத் துடைக்கத் தொடங்கினார்.

அப்போது சொல்கிறவன் கேட்டுவிட்டான்.

“ஏனுங்ணா, அந்த வெள்ளிக்கிழமை முழுக்க அந்த அம்மணி எங்க இருந்தாங்கன்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலீங்ளா?”